நோம் தெருவில் ஒரு விளக்கு: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், மார்ச் மாதத்து முதல் சனிக்கிழமை ஆங்கரேஜ் நகரத்தில் பனிவண்டி நாய்களைப் பிடித்துக்கொண்டு ஓடியதைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அந்த நாலு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. வேலைக்காக அலாஸ்காவுக்கு வந்து பதினாலு வருடம் ஆகிறது. அதில் பதினோரு வருடமாக, நாய்கள் பனிவண்டியை இழுத்துக்கொண்டு மேற்குக் கரையில் இருக்கும் நோம் நகரம் வரை ஓடும் ஐடிடராட் பந்தயத்தில் தன்னார்வலராக நிற்கிறேன். வண்டி ஓட்டத் தெரியாது, நாய்களைப் பிடித்து நிற்கத் தெரியும். பக்கத்தில் இருந்து பார்த்ததையும், இங்கே எல்லோருக்கும் தெரிந்த வரலாற்றையும் வைத்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: நன்கு பழகிய நாய்கள்தானே? அவற்றை எதற்குப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும்?

பழகிய நாய்கள் என்பதால்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஓடப் போகிறோம் என்று அவற்றுக்குத் தெரிந்துவிடும். சேணத்தை எடுத்த உடனே கத்த ஆரம்பிக்கும், நாலு காலும் தரையில் படாமல் குதிக்கும். ஒரு வண்டியில் பத்துக்கு மேல் நாய்கள். இரண்டு இரண்டாகக் கட்டி, நடுவில் ஒரே நீளக் கயிறு. அத்தனையும் ஒன்றாக இழுத்தால், பனியில் குத்தி வைக்கும் இரும்புக் கொக்கியும் பிரேக்கும் மட்டும் போதாது. அதனால் கயிற்றோடு வாரைக் கோத்துக்கொண்டு, எங்களைப் போன்றவர்கள் இரண்டு பக்கமும் ஓடி, புறப்படும் கோடு வரைக்கும் கொண்டுவந்து நிறுத்துவோம். பயிற்சியில் முதலில் சொல்லிக்கொடுத்தது இதுதான்: விழுந்தால் வாரை விட்டுவிட்டு வெளிப்பக்கமாக உருண்டுவிடு, பின்னால் வண்டி வருகிறது.

இரண்டு நிமிடத்துக்கு ஒரு வண்டி கிளம்பும். 1ஆம் எண் யாருக்கும் கிடையாது, அது கௌரவிக்கப்படும் ஒருவருக்காக ஒதுக்கியது. ஆகவே முதலில் போகும் வண்டியின் எண் 2. சனிக்கிழமை ஊர் பார்க்க நடக்கும் சடங்கு ஓட்டம், ஞாயிற்றுக்கிழமை வழக்கமாக வில்லோ என்ற ஊரிலிருந்துதான் உண்மையான பந்தயம். தெருவில் பனி போதவில்லை என்றால் லாரியில் கொண்டுவந்து கொட்டுகிறார்கள்.

என்னால் இன்னும் மறக்க முடியாதது அந்தச் சத்தம் நிற்கும் விதம். கொக்கியை எடுத்து வண்டி நகர்ந்த அந்த நொடியில் குரைப்பு அப்படியே அடங்கிவிடும். பனியில் கால்கள் படும் மெல்லிய சத்தமும், வண்டியின் அடிக்கட்டை உரசும் சத்தமும்தான் கேட்கும். முதல் தடவை கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கேள்வி: கடிவாளம் இல்லை என்கிறார்களே, அப்புறம் எப்படித் திருப்புகிறார்கள்?

வாய்ச்சொல்தான். வலது பக்கம் போக "ஜீ", இடது பக்கம் போக "ஹா", நிற்க "வோ". ஓட்டுபவரை மஷர் என்பார்கள். நட என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர். ஆனால் "மஷ்" என்று கத்தும் மஷரை நான் பார்த்ததே இல்லை. "ஹைக்" என்பார்கள், அல்லது சாதாரணமாக "சரி, போகலாம்" என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டுத் திரும்ப வேண்டியது முன்னணி நாய். வண்டிக்கு மிக அருகே கட்டிய இரண்டும் சக்கர நாய்கள், பாரம் முதலில் அவற்றின் மேல்தான் விழும்.

முன்னணி நாய்க்குக் கீழ்ப்படிதல் மட்டும் போதாது. காற்றில் பனி பறந்து தடம் மறைந்துவிட்டால் மஷருக்குத் தன் கைகூடத் தெரியாது. அப்போது அவர் சொல்வது தப்பாக இருந்தால் அதைக் கேட்காத நாய்தான் நல்ல நாய்.

கேள்வி: மருந்து கொண்டுபோய் ஊரைக் காப்பாற்றிய நாய் பால்டோ என்று பள்ளியில் படித்தேன். அந்த ஓட்டத்தின் நினைவாகத்தான் இந்தப் பந்தயம் நடக்கிறதா? (பத்தாம் வகுப்பு மாணவி)

கண்ணு, உன் கேள்வியில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. பிரித்துச் சொல்கிறேன்.

1925 ஜனவரியில் நோம் நகரத்தில் டிப்தீரியா பரவியது. குழந்தைகளின் தொண்டையை அடைத்துக் கொல்லும் நோய். கர்ட்டிஸ் வெல்ச் என்ற ஒரே மருத்துவர். கையில் இருந்த மருந்து காலாவதியாகிவிட்டது. கடல் உறைந்துவிட்டதால் கப்பல் வராது. அந்தக் காலத்துத் திறந்த விமானங்களை அந்தக் குளிரில் நம்ப முடியாது என்று ஆளுநர் முடிவு செய்தார். ஆங்கரேஜ் மருத்துவமனையில் இருந்த மருந்தை ரயிலில் நெனானா வரைக்கும் கொண்டுவந்தார்கள். அங்கிருந்து நோம் 1,085 கிலோமீட்டர். இருபது மஷர்கள், சுமார் 150 நாய்கள், கை மாற்றிக் கை மாற்றி ஐந்தரை நாளில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஜனவரி 27 இரவு கிளம்பி பிப்ரவரி 2 விடியுமுன் போய்ச் சேர்ந்தது.

கடைசிக் கட்டத்தை ஓட்டியவர் குன்னர் காசன், அவருடைய முன்னணி நாய் பால்டோ. ஊருக்குள் நுழைந்தவர்கள் அவர்கள் என்பதால் படமும் பெயரும் அவர்களுக்குப் போயின. அதே வருடம் டிசம்பரில் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் பால்டோவுக்குச் சிலையே வைத்துவிட்டார்கள். பால்டோ புயலில் ஓடியது உண்மை, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் லியோன்ஹார்ட் செப்பாலாவும் அவருடைய நாய் டோகோவும் மருந்தோடு ஓடியது சுமார் 146 கிலோமீட்டர். மற்றவர்கள் சராசரியாக ஓடியது 50 கிலோமீட்டர் அளவில். அதற்கு முன்பு, மருந்தை எதிர்கொண்டு வாங்குவதற்காகவே நோமிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருந்தார்கள். திரும்பும்போது உறைந்த நார்ட்டன் வளைகுடாவைக் குறுக்கே கடந்தார்கள். காற்று திசை மாறினால் பனிக்கட்டி உடைந்து கடலுக்குள் போய்விடும் இடம் அது. டோகோவுக்கு அப்போது வயது 12. குட்டியாக இருந்தபோது நோஞ்சான் என்று வேறு வீட்டுக்குக் கொடுத்தும், ஜன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு செப்பாலாவிடமே ஓடி வந்த நாய். இப்போது அதன் பாடம் செய்த உடல் வசில்லாவில் பந்தயத் தலைமையகத்தில் இருக்கிறது. நான் போகும்போதெல்லாம் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன் கொஞ்ச நேரம் நிற்பேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த இருபது பேரில் பலர் அத்தபாஸ்கன் பழங்குடியினர். யூகான் ஆற்றங்கரை கிராமங்களில் மைனஸ் 40 டிகிரியில் காத்திருந்து மருந்தை வாங்கி ஓடினார்கள். அவர்கள் பெயரைப் பாடப் புத்தகங்கள் சொல்வதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

சரி, பந்தயத்துக்கு வருவோம். ஐடிடராட் ஓட்டத்தை மருந்து ஓட்டத்தின் நினைவு விழா என்று பலரும் எழுதுகிறார்கள். அது முழு உண்மை இல்லை. நெடுந்தூர நாய்ப் பந்தயம் அதற்கு முன்பே இருந்தது. 1908 முதல் நோமிலிருந்து கேண்டில் வரை போய்த் திரும்பும் 656 கிலோமீட்டர் பந்தயம் நடந்தது. செப்பாலாவே அதை 1915, 1916, 1917 என்று மூன்று முறை வென்றவர்தான். ஐடிடராட் பிறந்த காரணம் வேறு.

1960களில் கிராமங்களுக்குள் பனி மோட்டார் வண்டி வந்தது. அதற்குத் தினமும் மீன் போட வேண்டாம், கோடையில் சோறு கேட்காது. இரண்டு மூன்று வருடத்துக்குள் வீட்டுக்கு வீடு நாய்கள் காணாமல் போயின. நாய்வண்டியில் தபால் போன கடைசிப் பாதையும் 1963இல் நின்றுவிட்டது. இதைப் பார்த்து மனம் கேட்காமல் கிளம்பியவர் ஜோ ரெடிங்டன். பழைய தங்கச் சுரங்கப் பாதையில் பந்தயம் வைக்கலாம் என்ற யோசனையோடு இருந்த டாரத்தி பேஜ் என்ற பெண்மணி அவரோடு சேர்ந்தார். 1967இல் ஒரு சிறிய பந்தயம், அந்த வருடம் இறந்துபோன செப்பாலாவின் நினைவாக. 1973இல் நோம் வரைக்கும் முழு ஓட்டம். 34 வண்டிகள் கிளம்பின, 22 போய்ச் சேர்ந்தன. வென்ற டிக் வில்மார்த்துக்கு 20 நாள் பிடித்தது. இப்போது வெல்பவர்கள் ஒன்பது, பத்து நாளில் முடித்துவிடுகிறார்கள்.

நாய்கள் திரும்பி வந்தனவா என்று கேட்பாய். 2023இல் வென்ற ரயன் ரெடிங்டன் ஜோவின் பேரன், இனுபியாக் பழங்குடி வழி வந்தவர். அந்த வருடம் முதல் மூன்று இடமும் அலாஸ்கா பூர்வகுடியினருக்கே கிடைத்தது.

கேள்வி: வெளிப்படையாகவே கேட்கிறேன். 1,600 கிலோமீட்டர் ஒரு வாயில்லாப் பிராணியை ஓடவிடுவது கொடுமை இல்லையா? அதில் நீங்களும் பங்கெடுக்கலாமா?

இந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கோபத்தோடு எழுதியிருக்கிறீர்கள், அந்தக் கோபம் நியாயமானது. நாய்கள் இறந்திருக்கின்றன. முதல் வருடப் பந்தயத்திலேயே பத்துக்கு மேல் இறந்தன. பிறகு விதிகள் இறுகி, மருத்துவம் வளர்ந்து, ஒன்றுகூட இறக்காத வருடங்கள் வந்தன. ஆனால் 2024இல் மூன்று நாய்கள் இறந்தன. அந்த மார்ச்சில் ஒவ்வொரு செய்தி வரும்போதும் கை வேலை ஓடாமல் உட்கார்ந்திருந்தேன். பெரிய நிறுவனங்கள் சில விளம்பர ஆதரவை நிறுத்திக்கொண்டதற்கும் இந்த எதிர்ப்புதான் முக்கியக் காரணம்.

இன்னொரு பக்கத்தையும் சொல்கிறேன். பந்தயத்துக்கு முன் ஒவ்வொரு நாய்க்கும் இதயத் துடிப்புப் பதிவும் இரத்தப் பரிசோதனையும் உண்டு. ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் கால்நடை மருத்துவர் தொட்டுப் பார்த்து, மஷர் கையோடு கொண்டுபோகும் நோட்டில் எழுதுகிறார். சோர்ந்த நாயை அங்கேயே விட்டுவிட்டால் விமானத்தில் திருப்பி அனுப்புவார்கள். வழியில் ஒரு 24 மணி நேர ஓய்வும், இரண்டு 8 மணி நேர ஓய்வும் கட்டாயம். அலாஸ்கன் ஹஸ்கி அழகுப் போட்டி நாய் இல்லை, ஓடுவதற்காகவே தலைமுறை தலைமுறையாகக் கலந்து வளர்த்த கலப்பினம். ஒரு நாளைக்கு 10,000 கலோரி தின்னும். அதற்குக் குளிர் கஷ்டமில்லை, வெயில்தான் கஷ்டம். அதனால் பலர் இரவில்தான் ஓட்டுகிறார்கள். சாவடிக்கு வந்ததும் மஷர் உட்கார மாட்டார். வைக்கோலைப் பரப்பி, நாய்களின் காலுறைகளைக் கழற்றி, பனியை உருக்கித் தண்ணீர் காய்ச்சி, நாய்களுக்கு ஊற்றி, ஒவ்வொரு பாதத்தையும் பார்த்த பிறகுதான் தன் சாப்பாடு. தூக்கம் ஒரு மணி, மிஞ்சினால் இரண்டு.

அந்தக் காலுறை விஷயத்தில் நான் செய்த தப்பு ஒன்று. நாய் ஒன்றுக்கு எட்டுக் காலுறை கையில் இருக்க வேண்டும் என்பது விதி. என் இரண்டாவது வருடம், கழன்றுவிடக் கூடாதே என்று நாலு நாய்களுக்குப் பட்டையை இறுக்கி ஒட்டிவிட்டேன். மஷர் ஒரு வார்த்தை பேசாமல் மண்டியிட்டு, பதினாறு கால்களையும் மறுபடி பிரித்துக் கட்டினார். இறுகினால் இரத்த ஓட்டம் நின்று பாதம் வீங்கிவிடுமாம். அந்த மைனஸ் பதினைந்து டிகிரியில் அவர் கையுறையைக் கழற்றிவிட்டு வெறும் விரலால் செய்தார்.

எல்லா மஷரும் அப்படித்தான் என்று உங்களிடம் சத்தியம் செய்ய மாட்டேன். அந்தக் கைகளைப் பார்த்ததால்தான் நான் தொடர்ந்து போகிறேன். ஒரு நாய் இறந்தாலும் கேள்வி கேட்க வேண்டும் என்பதில் உங்களோடு நிற்கிறேன்.

கேள்வி: பெண்கள் வென்றிருக்கிறார்களா?

வென்றிருக்கிறார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே பந்தயம், தனிப் பிரிவு கிடையாது. 1985இல் ஷக்டூலிக் என்ற ஊரில் புயலுக்குப் பயந்து மற்றவர்கள் தங்கிவிட, லிபி ரிடில்ஸ் மட்டும் உறைந்த வளைகுடாவுக்குள் வண்டியை விட்டார். இரவு முழுக்கப் பனிக்கு நடுவே வண்டிப் பைக்குள் முடங்கிக் கிடந்து, மறுநாள் ஓட்டி வென்றார். அதே வருடம் சூசன் புச்சரின் நாய்களை மூஸ் என்ற பெரிய மான் ஒன்று மிதித்து இரண்டு இறந்தன, அவர் விலகிவிட்டார். அடுத்த மூன்று வருடமும் அவரே வென்றார், 1990இல் நாலாவது முறையும்.

கேள்வி: மிக நெருக்கமான முடிவு எது?

1978. இரண்டு வாரம் ஓடிவிட்டு, டிக் மேக்கி ஒரே ஒரு நொடியில் ரிக் ஸ்வென்சனை வென்றார். முன்னணி நாயின் மூக்கு கோட்டைத் தாண்டியதை வைத்துத் தீர்ப்பு. டிக் மேக்கி அணிந்திருந்த எண் 13, அது அவருக்கு ஆறாவது முயற்சி. அவருடைய மகன் ரிக் மேக்கி 1983இல் வென்றதும் 13ஆம் எண்ணில், ஆறாவது முயற்சியில். இன்னொரு மகன் லான்ஸ், தொண்டைப் புற்றுநோயிலிருந்து மீண்டு வந்து 2007இல் வென்றதும் அதே 13, அதே ஆறாவது முயற்சி.

கேள்வி: கடைசியாக வருபவருக்கும் பரிசு உண்டாமே?

உண்டு, சிவப்பு லாந்தர். முதல் வருடம் கடைசியாக வந்த ஜான் ஷுல்ட்ஸுக்கு 32 நாள் ஆயிற்று.

அதன் பின்னால் பழைய வழக்கம் ஒன்று இருக்கிறது. நாய்வண்டியில் தபாலும் சரக்கும் போன காலத்தில், வழிச்சத்திரக்காரர்கள் வாசலில் மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றி வைப்பார்கள். இன்னும் ஒரு வண்டி வழியில் இருக்கிறது என்று அர்த்தம். வந்து சேரும்வரை அணைக்க மாட்டார்கள். இன்றும் பந்தயம் தொடங்கும்போது நோமில், முடிவு வளைவில் ஒரு விளக்கை ஏற்றித் தொங்கவிடுகிறார்கள். வண்டிக்குள் ஒரு கட்டுத் தபால் கொண்டுபோக வேண்டும் என்ற விதியும் அந்தக் காலத்தின் மிச்சம்தான்.

ஒரே ஒரு வருடம் நோம் வரைக்கும் போனேன். வென்றவர் வந்து நாலைந்து நாள் ஆகியிருந்தது, வெளியூர்க் கூட்டம் கலைந்துவிட்டது. இரவில் ஊர்ச் சங்கு ஊதியது. வண்டி வருகிறது என்று அர்த்தம். வீடுகளிலிருந்து ஆட்கள் கோட்டை மாட்டிக்கொண்டே ஓடி வந்தார்கள், ஒரு அம்மா தூங்கும் குழந்தையைப் போர்வையோடு தூக்கி வந்தார். தெருக்கோடியில் முதலில் மஷரின் தலைவிளக்கு தெரிந்தது, அப்புறம் நாய்கள். வளைவுக்குக் கீழே நின்றதும் அவர் முதலில் முன்னணி நாயிடம் போய், அதன் நெற்றியில் தன் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு எழுந்து வந்து, கையுறையைக் கழற்றிவிட்டு, விளக்கை அணைத்தார்.