‘டிட்’ வந்த பிறகு ‘வென்ட்’ எதற்கு?

கேள்வி: ‘ஐ டிட் நாட் வென்ட்’ என்றேன்; பக்கத்தில் இருந்தவர் சிரித்துவிட்டார். நேற்று நடந்ததுதானே, ‘வென்ட்’ ஏன் தப்பு?

பதில்: சிரித்தவரை விடுங்கள். ‘போனேன்’ என்பதைத் தமிழில் மறுத்துச் சொல்லுங்கள், பார்ப்போம். ‘போகவில்லை’ என்கிறீர்கள். ‘போனவில்லை’ என்று ஒருநாளாவது சொன்னதுண்டா? ‘இல்லை’ வந்து ஒட்டியதும் வினை தன் இறந்தகாலத்தைக் கழற்றிவைத்துவிடுகிறது. ஆங்கிலத்திலும் அப்படித்தான். காலத்தை ‘டிட்’ சுமந்துகொள்ளும். பின்னால் வருவது வெறும் ‘கோ’. கேள்வி கேட்டாலும் ‘டிட் யூ கோ?’தான்.

கேள்வி: ‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் டூ இயர்ஸ்’ சரியா?

பதில்: இரண்டு இடத்தில் இடிக்கிறது. ‘இரண்டு வருடமாக’ என்பதில் ‘ஆக’ இருக்கிறதல்லவா, அங்கே ‘ஃபார்’. ‘2019-இலிருந்து’ என்றால் ‘சின்ஸ்’. இந்த வித்தியாசம் தமிழிலேயே இருக்கிறது, நாம்தான் கவனிப்பதில்லை. (‘நாளையிலிருந்து வருகிறேன்’ என்பதில் ஏமாந்துவிடாதீர்கள். அது ‘ஃப்ரம் டுமாரோ’. இனிமேல் தொடங்கப்போவதற்கு ‘சின்ஸ்’ வராது.) இன்னொரு பிழைக்குத் தமிழ்தான் காரணம். ‘இரண்டு வருடமாக வேலை செய்கிறேன்’ என்று நாம் நிகழ்காலத்தில் சொல்கிறோம், அதனால் ‘ஆம்’ வாயில் வந்துவிடுகிறது. ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் டூ இயர்ஸ்’ என்று சொல்லுங்கள்.

கேள்வி: ‘டிஸ்கஸ் அபவுட்’ சொல்லலாமா?

பதில்: கூடாது. ‘அதைப் பற்றி விவாதித்தோம்’ என்பதில் இருக்கும் ‘பற்றி’தான் ‘அபவுட்’டாக நுழைந்துவிடுகிறது. ஆசிரியராகி இரண்டு வருடம் வரை நானே இதைக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். ஒரு மாணவி அகராதியைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டினாள்! ‘டாக் அபவுட்’ சரி, ‘ஏ டிஸ்கஷன் அபவுட்’டும் சரி. ‘டிஸ்கஸ்’ஸுக்கு மட்டும் வேண்டாம்.

கேள்வி: ‘ரிட்டர்ன் பேக்’?

பதில்: ‘ரிட்டர்ன்’ போதும். திரும்பியவர் மறுபடி எதற்குத் திரும்ப வேண்டும்?

கேள்வி: ‘யூனிவர்சிட்டி’ ‘யு’ என்ற உயிரெழுத்தில்தானே தொடங்குகிறது? ஏன் ‘ஆன்’ போடுவதில்லை?

பதில்: கண்ணை மூடிக்கொண்டு காதைத் திறங்கள். சந்தேகம் வந்தால் அந்தச் சொல்லைத் தமிழில் எழுதிப் பாருங்கள். ‘யூனிவர்சிட்டி’, முதலில் நிற்பது யகரம், ஆகவே ‘ஏ’. ஹெச்சில் தொடங்கும் மணியைக் குறிக்கும் சொல், நம் ‘அவர்’ மாதிரியே ஒலிக்கிறது. ஆகவே ‘ஆன் அவர்’. ‘ஆன் எம்.எல்.ஏ.’, ‘ஏ வன் வே ரோடு’ எல்லாம் இந்தக் கணக்குதான். ‘ஓர் ஊர்’, ‘ஒரு வீடு’ என்று எழுதத் தெரிந்தவருக்கு இது புதிதில்லை.

ஆங்கிலேயர்களே இதில் தடுமாறியிருக்கிறார்கள். உடைக்கு மேல் கட்டிக்கொள்ளும் ‘ஏப்ரன்’ இடைக்கால ஆங்கிலத்தில் ‘நேப்ரன்’. ‘ஏ நேப்ரன்’ என்றதைக் காது ‘ஆன் ஏப்ரன்’ என்று பிரித்துக் கேட்டுவிட்டது. போன ‘ந்’ திரும்பவே இல்லை.