மகள் வரைந்த குடும்ப மரத்தில் எனக்கு வாய் இல்லை

கேள்வி: எங்களுக்குச் சேலம் செவ்வாய்ப்பேட்டை. கீழே கொலுசுப் பட்டறையும் கணவரின் அண்ணன் குடும்பமும், மாடியில் நாங்களும் மாமியாரும். மாமியார் என் அப்பாவின் கூடப்பிறந்த அக்கா, எனக்குச் சொந்த அத்தை. பங்கு விஷயமாக அண்ணன் தம்பி இருவரும் இரண்டு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. தொழில் மட்டும் ஒன்றாக நடக்கிறது. என் 9 வயது மகள் பள்ளிக்கூட லீவில் ஒரு குடும்ப மரம் வரைந்தாள். எல்லோரையும் கார்ட்டூனாகப் போட்டிருக்கிறாள். அத்தை கண்ணாடி போட்ட புலி. கணவர் கையில் போன் வைத்திருக்கும் ரோபோ. பெரியப்பா மரப்பொந்துக்குள் கரடி. நான் சிவப்பு ரிப்பன் கட்டிய வெள்ளைப் பூனை, வாயே இல்லை. அவள் அடிமரத்தில் ஓடும் அணில். பட்டறைச் சாவி, கணக்கு நோட்டு எல்லாம் மேலும் கீழும் கொண்டுபோய்க் கொடுப்பது அவள்தான், அவ்வளவு சுட்டி. படத்தைப் பார்த்து நாலு நாளாக எனக்குத் தூக்கமில்லை. இதற்கு என்ன அர்த்தம்? டாக்டரிடம் காட்ட வேண்டுமா? அத்தையிடம் காட்டலாமா?

பதில்: முதலில் அந்த வாயைப் பார்த்துவிடலாம், தூக்கம் போனது அதனால்தானே. வெள்ளைப் பூனை, தலையில் சிவப்பு ரிப்பன் என்று எழுதியிருக்கிறீர்கள். மகளின் பென்சில் பாக்ஸையோ தண்ணீர் பாட்டிலையோ ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஜப்பானின் சான்ரியோ நிறுவனம் 1974ல் உருவாக்கிய ஹலோ கிட்டி பொம்மைக்கு வாய் வரைவதில்லை. அரை நூற்றாண்டாக வாயில்லாமலேதான் அது பைகளிலும் செருப்புகளிலும் சிரிக்காமல் சிரித்துக்கொண்டிருக்கிறது. உங்கள் மகள் தனக்கு ரொம்பப் பிடித்த பொம்மையைத் தூக்கி அம்மாவுக்குக் கொடுத்திருக்கலாம். அப்படித்தான் என்று நானும் அடித்துச் சொல்ல மாட்டேன். சொல்ல வேண்டியவள் அவள்.

குழந்தைகளின் படங்களுக்கு அகராதி போட்டவர்கள் ஒரு காலத்தில் நிறைய இருந்தார்கள். வாய் இல்லாவிட்டால் பேச்சு அடக்கப்பட்டவர், கை இல்லாவிட்டால் இயலாதவர், கண் பெரிதாக இருந்தால் சந்தேகப் பேர்வழி என்று பட்டியல் நீளும். பிற்பாடு சோதித்துப் பார்த்தபோது இந்தப் பட்டியல்கள் நிற்கவில்லை. பல்லி விழும் பலன் மாதிரிதான் அது, நம்புகிறவருக்கு மட்டும் பலிக்கும். அதனால் யூடியூபில் யாராவது உறுப்பு உறுப்பாக அர்த்தம் சொன்னால் தள்ளிவிட்டுப் போய்விடுங்கள்.

ஆனால் படத்தையே மடித்து வைத்துவிட வேண்டாம். 1970ல் பர்ன்ஸ், காஃப்மன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் ஒரு சின்ன மாற்றம் செய்தார்கள். ‘உன் குடும்பத்தை வரை’ என்று மட்டும் சொன்னால் குழந்தைகள் எல்லோரையும் போட்டோவுக்கு நிற்பதுபோல் வரிசையாக நிறுத்திவிடுகிறார்கள். ‘ஒவ்வொருவரும் ஏதாவது செய்துகொண்டிருக்கிற மாதிரி வரை’ என்று கேட்டால் வீட்டின் நடமாட்டம் தாளில் வந்துவிடுகிறது. உங்கள் மகளிடம் யாரும் அப்படிக் கேட்கவில்லை, அவளாகவே செய்திருக்கிறாள். ரோபோ போன் பார்க்கிறது, கரடி பொந்துக்குள் இருக்கிறது, அணில் ஓடுகிறது.

கார்ட்டூனாக வரைந்ததும் நல்லதே. ‘பாட்டியைப் பார்த்தால் பயமா?’ என்று நேராகக் கேட்டால் எந்தப் பிள்ளையும் இல்லை என்றுதான் சொல்லும். ‘இந்தப் புலி எப்பல்லாம் உறுமும்?’ என்று கேட்டால் தயங்காமல் பதில் வரும், ஏனென்றால் அது புலியைப் பற்றிய பேச்சு. என்னிடம் வந்த ஒரு பையன் தன் தாத்தாவைச் சிங்கமாக வரைந்திருந்தான். வீட்டில் எல்லோரும் அவருக்கு நடுங்குகிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். கேட்டால், ‘தாத்தா குறட்டை விடுவாரு’ என்றான்.

சரி, பெரியவர்களுக்கான வரைபடம் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்கிறேன். குடும்ப ஆலோசனையில் இதை ஜீனோகிராம் என்போம். மர்ரே போவன் என்ற அமெரிக்க மனநல மருத்துவரின் சிந்தனையிலிருந்து வளர்ந்தது. தனி மனிதரை மட்டும் பார்த்தால் போதாது, மூன்று தலைமுறையைச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றவர் அவர். 1967ல் நடந்த ஒரு மாநாட்டில் மற்றவர்களின் குடும்பங்களை விட்டுவிட்டுத் தன் சொந்த வீட்டுக் கதையையே மேடையில் விரித்தார். அது பிறகு அச்சில் வந்தபோது ஆசிரியர் பெயர் இல்லாமல் வந்தது. சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்களோ என்ற கவலை அங்கேயும் உண்டு! இந்த வரைபடத்தின் குறியீடுகளை ஒழுங்குபடுத்திய மோனிகா மெக்கோல்ட்ரிக், ராண்டி கெர்சன் ஆகியோரின் புத்தகம் 1985ல் வந்தது.

முறை எளிது. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவருக்கு உள்ளே ஒரு பெருக்கல் குறி. சாதாரண வம்ச மரம் அதோடு நின்றுவிடும். இதில் உறவின் தன்மைக்கும் கோடு உண்டு. நெருக்கத்துக்கு இரட்டைக் கோடு, விலகலுக்குப் புள்ளிக் கோடு, சண்டைக்கு ரம்பப் பல் மாதிரி வளைந்து வளைந்து போகும் கோடு, பேச்சுவார்த்தையே நின்றுபோயிருந்தால் நடுவில் வெட்டுப்பட்ட கோடு.

உங்கள் வீட்டைப் போட்டுப் பார்க்கும்போது ஒரு சிக்கல் வரும். அமெரிக்கப் புத்தகத்து மரத்தில் மாமியார் வெளியிலிருந்து வருகிறவர். உங்களுக்கு அவர் பிறந்த வீட்டுப் பக்கமும் உண்டு, புகுந்த வீட்டுப் பக்கமும் உண்டு. கிளை சுற்றி வந்து அடிமரத்திலேயே ஒட்டிக்கொள்கிறது. நம் பக்கத்துப் பல குடும்பங்களில் இப்படித்தான். நான் இரண்டு நிற ஸ்கெட்ச் பேனாவால் போடச் சொல்வேன். பச்சையில் அத்தைக்கும் உங்களுக்கும் சிறு வயதிலிருந்து இருந்த கோடு. அவர் ஊருக்கு வந்தால் வாங்கி வந்தது, உங்கள் அப்பாவிடம் உங்களுக்காகப் பேசியது எல்லாம் அதில். சிவப்பில் கல்யாணத்துக்குப் பிறகான கோடு. பல பெண்கள் இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருப்பார்கள். நம் பக்கம் இரண்டு உறவுக்கும் கூப்பிடுவது ஒரே சொல்லால். கோபத்தில் ‘அத்தை’ என்று நீங்கள் சொல்வது எந்த அத்தையை என்று தாளில் பார்த்தால் தெரிய வரும்.

இனி, கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன ஒரு வரிக்கு வருகிறேன். சாவியும் கணக்கு நோட்டும் மேலும் கீழும் கொண்டுபோவது மகள்தான், சுட்டி என்றீர்கள். படத்தில் அணில் எங்கே இருக்கிறது? கிளையிலும் இல்லை, பொந்திலும் இல்லை. அடிமரத்தில், ஓடிக்கொண்டு. எனக்கு வாயில்லாத பூனையைவிட இந்த அணில்தான் கண்ணில் பட்டது.

இரண்டு பேருக்கு நடுவில் இறுக்கம் வந்தால் அவர்கள் மூன்றாவதாக ஒருவரை உள்ளே இழுத்துக்கொண்டு அதைச் சமாளிப்பார்கள் என்கிறார் போவன். இதை முக்கோணம் என்பார். மூன்றாமவர் வந்ததும் அந்த இருவருக்கும் மூச்சு விட முடிகிறது, சண்டையைத் தீர்க்க வேண்டிய அவசரமும் போய்விடுகிறது. உங்கள் கணவரும் அவர் அண்ணனும் இரண்டு வருடம் முகம் பார்க்காமல் ஒரே பட்டறையை நடத்த முடிகிறது என்றால், நடுவில் யாரோ ஓடிக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அது 9 வயதுக் குழந்தை. யாரும் அவளைக் கொடுமைப்படுத்தவில்லை, எல்லோரும் கொஞ்சத்தான் செய்கிறார்கள். ஆனால் மேலே போனால் ‘உன் பெரியப்பா என்ன சொன்னார்?’, கீழே போனால் ‘உங்கப்பா என்ன மூஞ்சியில் இருந்தார்?’ என்று கேட்பார்கள் இல்லையா? எதைச் சொல்வது, எதை விழுங்குவது என்று அவளே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. பெரியவர்களுக்கே கஷ்டமான வேலை. இது என் ஊகம்தான், நானும் அவளிடம் பேசவில்லை. ஆனால் பூனையின் வாயைப் பற்றி யோசித்த நேரத்தில் பாதியை இதற்குக் கொடுங்கள்.

மகளிடம் பேசும் விதம்: ‘ஏன் இப்படி வரைஞ்சே?’ என்று கேட்காதீர்கள். ஏன் என்ற கேள்வி விசாரணையாகிவிடும், உடனே அழிரப்பர் வெளியே வரும். ‘அணில் இப்ப எங்க போகுது? அதுக்குக் கால் வலிக்குமா? பூனை எப்படிப் பேசும்?’ என்று கதைக்குள்ளேயே இருந்து கேளுங்கள். எதிரெதிராக உட்கார வேண்டாம், பக்கத்தில் உட்காருங்கள். பிள்ளைகள் வண்டியில் போகும்போதோ பட்டாணி உரிக்கும்போதோதான் பேசுவார்கள். ஏற்காடு பஸ்ஸில் ஏறி 20 கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டே போன ஒரு அப்பா, பாதி மலை ஏறிய பிறகுதான் பையன் வாயைத் திறந்தான் என்றார். அவள் சொல்வதைத் திருத்தாதீர்கள், ‘அப்பா பாவம், வேலைதானே செய்யறார்’ என்று ரோபோவுக்கு வக்காலத்தும் வாங்காதீர்கள். ஒரு கேள்வியோடு அவள் வேறு விளையாட்டுக்குப் போய்விட்டால் விட்டுவிடுங்கள்.

அத்தையிடம் காட்டலாமா? மகள் சரி என்றால் மட்டும், அதுவும் சாட்சியாக இல்லாமல். ‘பாருங்க, குழந்தைகூட உங்களைப் புலின்னு போட்டிருக்கு’ என்று நீட்டினால் அன்றோடு அவள் வரைவது நின்றுவிடும். வாட்ஸப் ஸ்டேட்டஸில் போடுவதும் கூடவே கூடாது. அதற்குப் பதில் அத்தையை இன்னொரு மரத்துக்குக் கூப்பிடுங்கள். வரைய வராது என்பார். புளியங்கொட்டை ஒரு கை கொடுத்து, ‘உங்க அப்பா வீட்ல யார் யார்? யாருக்குப் பக்கத்துல யார்?’ என்று தரையில் வைக்கச் சொல்லுங்கள். இறந்தவர்களையும் சேர்த்துத்தான். எந்தக் கொட்டையை எவ்வளவு தூரத்தில் தள்ளி வைக்கிறார் என்று பாருங்கள். பங்கு பிரிந்து பேச்சு நின்ற அண்ணன் தம்பி அந்தத் தலைமுறையிலும் இருந்தார்களா என்பது அங்கே தெரியலாம். இருந்தால், உங்கள் கணவரும் அவர் அண்ணனும் புதிதாக எதுவும் கண்டுபிடித்துவிடவில்லை. தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பேத்தியும் பாட்டியும் ஒரு சாயங்காலம் தரையில் உட்கார்ந்திருப்பார்கள்.

டாக்டர் விஷயம். படம் ஒன்றை மட்டும் வைத்து எங்கேயும் ஓட வேண்டாம். தூக்கம், சாப்பாடு, விளையாட்டில் பெரிய மாற்றம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், பள்ளிக்கூடம் திறந்ததும் வயிற்றுவலி என்று தினமும் நின்றால், நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்ப வந்தால் காட்டுங்கள். சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணான 14416க்கு எந்த நேரத்திலும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. சாக வேண்டும் என்று குழந்தை சொன்னாலோ, யாராவது தகாத முறையில் தொட்டதாகப் படமோ பேச்சோ காட்டினாலோ இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது. துருவித் துருவிக் கேட்காமல், நம்புகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு அன்றே உதவி தேடுங்கள். குழந்தைகளுக்கான எண் 1098.

இதெல்லாம் மகளுக்கு. நாலு நாள் தூங்காதது நீங்கள். அந்த 14416 பெரியவர்களுக்கும்தான். பூனைக்கு வாய் இல்லை என்பது உங்களை இவ்வளவு தைத்திருக்கிறதென்றால், ஹலோ கிட்டி விளக்கத்தைப் படித்த பிறகும் உள்ளே ஏதோ மிச்சம் இருக்கும். அது மகளின் படத்தில் இல்லை. உங்கள் வரைபடத்தில் உங்களிடமிருந்து யார் யாருக்கு என்ன கோடு போகிறது என்று நீங்களே தனியாக ஒரு தாளில் போட்டுப் பாருங்கள், யாரிடமும் காட்ட வேண்டாம்.

அப்புறம், நாளைக் காலையில் பட்டறை திறக்கும்போது சாவியை மகளிடம் கொடுக்காதீர்கள். நீங்களும் கொண்டுபோக வேண்டாம், போனால் அணிலுக்குப் பதில் பூனை ஓடும். கணவரின் கையில் கொடுங்கள். படி இறங்க அவருக்கு இரண்டு நிமிடம் ஆகும்.