வாடகை வீட்டு வம்பு: வாசகர் கேள்வி, நம்ம பதில்

கேள்வி: வேளச்சேரியில ரெண்டு வருஷம் குடியிருந்த வீட்டை போன மாசம் காலி பண்ணோம். வாடகை 16,000, அட்வான்ஸ் ஒன்றரை லட்சம். ஓனர் பெயிண்டிங்குக்குன்னு ஒரு மாச வாடகையை புடிச்சுக்கிட்டாரு, குழாய், சுவிட்ச்னு தனியா 6,000 கணக்கு சொல்றாரு. மீதி பணம் அடுத்த ஆள் குடி வந்து அட்வான்ஸ் குடுத்தா தான் வருமாம். இது நியாயமா சார்?
வாசகர், வேளச்சேரி

பதில்: அடுத்த ஆள் வந்தா தான் உங்க காசுங்கறது எந்தச் சட்டத்திலயும் இல்ல, ஆனா மெட்ராஸ்ல பாதி ஓனருங்க அதை சட்டம்னே நினைச்சுட்டு இருக்காங்க. 2017-ல போட்டு 2019 பிப்ரவரி 22-ல அமலுக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி நீங்க சாவியை ஒப்படைச்ச ஒரு மாசத்துக்குள்ள, நியாயமான கழிவு போக மீதியை குடுத்துடணும்.

பெயிண்டிங் விஷயம் கொஞ்சம் சுவாரஸ்யம். அந்தச் சட்டத்தோட கடைசியில ஒரு அட்டவணை இருக்கு, எந்த ரிப்பேர் யார் தலையிலன்னு. சுவத்துக்கு வெள்ளையடிக்கறது, கதவு ஜன்னலுக்கு பெயிண்ட், பைப் லைன் மாத்தறது, வயரிங் எல்லாம் ஓனர் கணக்கு. குழாய் வாஷர், சுவிட்ச், சாக்கெட், வாஷ்பேசின், கீசர் ரிப்பேர், பூட்டு, ஜன்னல் கண்ணாடி, சாக்கடை அடைப்பு எல்லாம் குடியிருக்கறவங்க கணக்கு. ஆக அந்த 6,000-ல அவரு பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கலாம், பில்லு கேளுங்க. பெயிண்டிங்குக்கு ஒரு மாச வாடகைங்கறது வெறும் வழக்கம் தான். ஆனா அக்ரிமென்ட்ல "காலி செய்யும்போது பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை கழிக்கப்படும்"னு ஒரு வரி இருந்து, அதை படிக்காமலே கீழ கையெழுத்து போட்டிருந்தீங்கன்னா (எல்லாரும் அப்படித்தான் போடறோம்) வாதாடறது கஷ்டம். முதல்ல அக்ரிமென்ட்டை எடுத்து அந்த வரி இருக்கான்னு பாருங்க.

இன்னொன்னு. பழைய 1960 வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துல அட்வான்ஸ் ஒரு மாச வாடகைக்கு மேல வாங்கவே கூடாது, ஆனா அந்தச் சட்டம் இருக்கும்போதே தான் பத்து மாச அட்வான்ஸ் ஊர் வழக்கமா ஆச்சு. இப்ப இருக்கற சட்டம் மூணு மாசம்னு சொல்லிட்டு, ரெண்டு பேரும் வேற மாதிரி ஒத்துக்கிட்டா சரின்னு ஒரு ஓட்டையும் வச்சிருக்கு. அந்த ஓட்டை வழியா தான் உங்க ஒன்றரை லட்சம் போயிருக்கு.

கேள்வி: மேற்கு மாம்பலத்துல எங்களுக்கு மாடி போர்ஷன் ஒன்னு இருக்கு. அந்த வாடகை தான் எனக்கு வருமானம், அவரும் போய் சேர்ந்துட்டாரு. குடியிருக்கற குடும்பம் அஞ்சு மாசமா வாடகை தரலை, கேட்டா "அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க"ங்கறாங்க. அக்ரிமென்ட் எல்லாம் எதுவும் போடலை, தெரிஞ்சவங்க மூலமா வந்தவங்க. ஃப்யூஸை புடுங்கிடலாம்னு பையன் சொல்றான். செய்யலாமா?
வாசகி, சென்னை

பதில்: வேண்டாம்மா. ஃப்யூஸை புடுங்கினா, தண்ணி மோட்டாரை நிறுத்தினா, அன்னிக்கே நீங்க தப்பு பண்ணவங்க ஆயிடுவீங்க. அவங்க நேரா வாடகை அதிகாரிகிட்ட (இந்தச் சட்டப்படி அரசாங்கம் நியமிச்ச அதிகாரி) மனு குடுத்தா திரும்ப கரண்ட் குடுன்னு உத்தரவு வரும், வாடகை பாக்கிங்கற உங்க நியாயமான புகார் பின்னாடி போயிடும். பையன்கிட்ட கோவத்தை ஒரு மாசம் அடக்கிக்க சொல்லுங்க.

ரெண்டு மாச வாடகை பாக்கி வச்சாலே காலி பண்ண சொல்லி வாடகை நீதிமன்றம் போகலாம். முதல்ல ஒரு வக்கீல் மூலமா ரிஜிஸ்டர் தபால்ல நோட்டீஸ் அனுப்புங்க. அது கிடைச்ச ஒரு மாசத்துக்குள்ள பாக்கியை வட்டியோட கட்டிட்டாங்கன்னா பாக்கிங்கற காரணத்துக்காக அவங்களை வெளியேத்த முடியாது, உங்களுக்கு காசு வந்துடும். கட்டலைன்னா மனு போடுங்க. வாடகை பேங்க்லயோ ஜிபேலயோ வந்திருந்தா ஸ்டேட்மென்ட்டை பிரிண்ட் எடுத்து வைங்க.

அக்ரிமென்ட் இல்லைங்கறது ஒரு தலைவலி, ஆனா தலைவலி உங்களுக்கு மட்டும் இல்ல. எழுத்துல ஒப்பந்தம் போட்டு, போட்ட 90 நாளுக்குள்ள வாடகை அதிகாரிகிட்ட பதிவு பண்ணி நம்பர் வாங்கணும், ஆன்லைன்லயே செய்யலாம். ஒப்பந்தமே போடலைங்கறதையே காரணமா காட்டி வீட்டை திரும்ப கேக்க சட்டத்துல இடம் இருக்கு. "அக்ரிமென்ட் இல்லாட்டி நம்மள யாரும் அசைக்க முடியாது"ன்னு குடியிருக்கறவங்க நினைக்கறது பழைய காலத்து நினைப்பு. ஓனருங்க பதிவு பண்ண பயப்படறது வருமான வரிக்காக. அதுக்கும் இவ்வளவு பயம் தேவையில்லை, வீட்டு வாடகை வருமானத்துல 30 சதவீதம் எந்த பில்லும் காட்டாமலே கழிவு கிடைக்குது, உங்களை மாதிரி ஒரே ஒரு போர்ஷன் வச்சிருக்கறவங்களுக்கு பெரும்பாலும் வரியே வராது.

கேள்வி: வருஷா வருஷம் 10 சதவீதம் ஏத்தறாங்க. முன்னாடி ரென்ட் கன்ட்ரோல் கோர்ட் இருந்துச்சுன்னு அப்பா சொல்வாரு. அந்தச் சட்டத்தை ஏன் எடுத்தாங்க? திரும்ப கொண்டு வந்தா என்ன?
வாசகர், தாம்பரம்

பதில்: உங்க கோவம் புரியுது. இப்ப இருக்கற சட்டத்துல இத்தனை சதவீதத்துக்கு மேல ஏத்தக் கூடாதுன்னு உச்சவரம்பே கிடையாது, அக்ரிமென்ட்ல என்ன எழுதியிருக்கோ அது தான். பழைய சட்டத்துல "நியாய வாடகை"ன்னு ஒன்னு இருந்துச்சு, கட்டடம், மனை மதிப்பு எல்லாம் சேர்த்து வீட்டுக்கு வருஷத்துக்கு 9 சதவீதம், கடைக்கு 12 சதவீதம்னு கணக்கு போட்டு கோர்ட் நிர்ணயிக்கும். இன்னொரு கூத்து, மாசம் 400 ரூபாய்க்கு மேல வாடகை குடுத்து வீட்டுல குடியிருக்கறவங்களுக்கு அந்தச் சட்டத்துல பாதுகாப்பே கிடையாதுன்னு ஒரு பிரிவு இருந்துச்சு. கடைக்கு அப்படி வரம்பு இல்ல, வீட்டுக்கு மட்டும் ஏன்னு கேட்டு 1986-ல சுப்ரீம் கோர்ட் அதை அடிச்சு போட்டுடுச்சு.

ஆனா வாடகையை ஒரேயடியா கட்டிப் போட்டா என்ன ஆகும்னு பாக்க பாம்பே போகணும். 1947-ல வந்த சட்டம் அங்க வாடகையை 1940 செப்டம்பர் அளவுலயே நிறுத்தி வச்சுது. அப்படியே அரை நூற்றாண்டு. வர்ற வாடகை வீட்டு வரிக்கே பத்தாத ஓனர் எதுக்கு ரிப்பேர் பண்ணுவாரு? கட்டடம் எல்லாம் மழைக்கு மழை இடிஞ்சு விழ ஆரம்பிச்சு, கடைசியில அரசாங்கமே செஸ் வசூல் பண்ணி ரிப்பேர் போர்டு வைக்க வேண்டியதா போச்சு. புதுசா குடி வர்றவங்க பகடின்னு கணக்குல வராத பெரிய தொகை குடுத்து தான் உள்ள நுழைய முடிஞ்சுது, அதாவது பழைய ஆளுக்கு சல்லிசு, புது ஆளுக்கு கொள்ளை. 1997-ல சுப்ரீம் கோர்ட்டே இது நியாயமில்லாத நிலைன்னு சொல்லி, 1999 சட்டத்துல தான் வருஷத்துக்கு 4 சதவீதம் ஏத்தலாம்னு வந்துச்சு.

என்னை கேட்டா அந்த 4 சதவீதம் மாதிரி ஒன்னு நமக்கும் வேணும். குடியிருக்கற வரைக்கும் ஏத்தறதுக்கு ஒரு அளவு, ஆள் மாறினா புது வாடகை பேசிக்கலாம், அவ்வளவு தான். ஓனருக்கும் மணல், சிமெண்ட், சொத்து வரி எல்லாம் ஏறுது, அதே நேரம் சம்பளம் ஏறாத வருஷத்துல வாடகை மட்டும் 10 சதவீதம் ஏறினா பசங்க ஸ்கூலை மாத்தற நிலைமைக்கு வந்துடறாங்க. அது வர்ற வரைக்கும் மூணு வருஷ அக்ரிமென்ட்டா பேசி, ஏத்தற சதவீதத்தை அதுலயே எழுதி, சார்பதிவாளர் ஆபீஸ்லயும் பதிவு பண்ணிடுங்க. அந்த 11 மாச அக்ரிமென்ட்டே பத்திர பதிவை தவிர்க்கறதுக்கு வந்த பழக்கம் தான்.

கேள்வி: 8 லட்சம் குடுத்தா வாடகையே இல்லாம 3 வருஷம் லீஸுக்கு வீடு கிடைக்குது. எடுக்கலாமா?
வாசகர், ஆவடி

பதில்: வில்லங்க சான்று போட்டு பாக்காம பணத்தை எடுத்து குடுக்காதீங்க. அந்த வீட்டு மேல பேங்க் லோன் இருந்து ஓனர் தவணை கட்டலைன்னா பேங்க் வந்து வீட்டை சீல் வைக்கும், உங்க 8 லட்சத்துக்கு பேங்க் பொறுப்பில்ல. நடுவுல ஒரு கம்பெனி ஆள் பணத்தை வாங்கி ஓனருக்கு மாச மாசம் குடுக்கறேன்னு சொன்னா அந்த பக்கமே போகாதீங்க. ஓனர் பேருக்கே பேங்க் வழியா பணம் போகணும், லீஸ் பத்திரம் பதிவாகணும்.

கேள்வி: ஓனர் கரண்டுக்கு யூனிட் 10 ரூபாய்னு வாங்கறாரு. கேட்டா "இஷ்டம் இருந்தா இரு"ங்கறாரு.
வாசகர், கோவை

பதில்: வீட்டு இணைப்புக்கு ரெண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், அது உங்க போர்ஷனுக்கு தனி இணைப்பு இருந்தா உங்களுக்கு வரும், சப் மீட்டர்னா ஓனரோட போயிடும். சண்டை போடறதுக்கு முன்னாடி ஈபி கார்டு யார் பேருல இருக்கு, உங்க போர்ஷனுக்கு தனி மீட்டரா சப் மீட்டரான்னு பாருங்க. தனி மீட்டர்னா நீங்களே ஆன்லைன்ல பில்லை கட்டிட்டு ரசீதை அவருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க.