‘சஃப்ரகன் பிஷப்’ என்பவர் யார்? அந்தப் பதவி எப்படி வந்தது?

பட்டத்தில் ஓர் ஊர் இருக்கும், ஆனால் அந்த ஊருக்கென்று தனித் திருமண்டலம் (ஒரு பிஷப்பின் ஆளுகைப் பகுதி) இருக்காது. இன்னொரு பிஷப்புக்குக் கீழே வேலை பார்ப்பவர்தான் ஆங்கிலிக்கன் சபையில் (இங்கிலாந்துச் சபையும் அதன் வழிவந்த சபைகளும்) சஃப்ரகன் பிஷப்.

பாளையங்கோட்டையில் வளர்ந்த எனக்குத் திருமண்டலத்துக்கு ஒரு பிஷப்தான் பழக்கம். இங்கிலாந்தின் கென்ட் பகுதிக்குக் குடிவந்த புதிதில், மகளின் திடப்படுத்தல் ஆராதனைக்கு (ஞானஸ்நானம் பெற்றவரை பிஷப் கைவைத்து உறுதிப்படுத்தும் சடங்கு) டோவர் பிஷப் வருகிறார் என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். டோவரில் துறைமுகம் உண்டு, கதீட்ரல் (பிஷப்பின் தலைமைத் தேவாலயம்) ஏது என்று பக்கத்து பெஞ்ச் பாட்டியிடம் கேட்டேன். “பேர்தான் டோவர், வேலையெல்லாம் கான்டர்பரியில்” என்றார்.

சங்கதி இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றியிடம் தொடங்குகிறது. அதற்கு முன்பும் உதவி பிஷப்மார் உண்டு. கிறிஸ்தவர்களே இல்லாமல் போன ஏதோ தூரத்து ஊரின் பெயரைப் போப் அவர்களுக்குப் பட்டமாகக் கொடுப்பார். ரோமோடு உறவு அறுந்த பிறகு பட்டத்துக்கு எங்கே போவது? 1534-ல் சட்டம் போட்டு டோவர், பெட்ஃபோர்ட், கோல்செஸ்டர், நாட்டிங்காம் என்று உள்ளூர்ப் பெயர்களையே பட்டியலிட்டார்கள். பிஷப் இரண்டு பெயர் எழுதி அனுப்புவார், ராஜா ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்.

1537-ல் டோவர் பிஷப்பான ரிச்சர்ட் இங்வொர்த் டொமினிக்கன் துறவி. மறு வருஷமே ஊர் ஊராகப் போய்த் துறவிகளின் மடங்களை ராஜாவுக்காக எழுதி வாங்கியவரும் அவரேதான்! 1597-ல் ரிச்சர்ட் ராஜர்ஸ் இறந்தபின் டோவர் பதவி 273 வருஷம் காலியாகக் கிடந்தது. சட்டத்தை மட்டும் யாரும் ரத்து செய்யவில்லை. கான்டர்பரி ஆர்ச்பிஷப் (தலைமை பிஷப்) டெய்ட் பக்கவாதத்தில் விழுந்ததும் அதே பழைய சட்டத்தைத் தூசி தட்டி, 1870-ல் எட்வர்ட் பாரியை நியமித்தார்கள். ஆர்க்டிக் கடலுக்குக் கப்பலோட்டிய பாரியின் மகன் இவர். 1888-ல் பட்டியலில் இல்லாத ஊர்களுக்கும் வழி திறந்தது. 2015-ல் இங்கிலாந்துச் சபையின் முதல் பெண் பிஷப்பான லிபி லேன் ஏற்றதும் ஸ்டாக்போர்ட் என்ற சஃப்ரகன் பதவிதான்.

ஆர்ச்பிஷப்புக்கு லண்டனில் லாம்பெத் அரண்மனை அலுவலக வேலையே சரியாக இருப்பதால், கான்டர்பரி திருமண்டலத்தை அன்றாடம் நடத்துவது டோவர் பிஷப். 2019-ல் அந்தப் பொறுப்புக்கு வந்தவர் ஜமைக்காவில் பிறந்த ரோஸ் ஹட்சன்-வில்கின்.

நம்ம கால்டுவெல்லும் சஃப்ரகனா என்று கேட்பீர்கள். இல்லை. 1877-ல் கல்கத்தாவில் அவரும் சார்ஜென்ட்டும் அபிஷேகம் பெற்றது ஊர்ப் பட்டம் எதுவும் இல்லாமல், மதராஸ் பிஷப்பின் உதவியாளர்களாக மட்டும்தான். ஒருவர் எஸ்.பி.ஜி., மற்றவர் சி.எம்.எஸ். என்று வெவ்வேறு மிஷனரி சங்கத்தவர் என்பதால் திருநெல்வேலி என்ற ஒரே ஜில்லாவுக்கு இரண்டு பேர்! அங்கே தனித் திருமண்டலம் 1896-ல் வந்தபோது இருவருமே உயிரோடில்லை.