ஆஞ்செலா பக்ஸ்டன்: கேட்டவர்களுக்குப் பதில்

கே: 1950களில் ஆடிய பிரிட்டிஷ் யூத டென்னிஸ் வீராங்கனை பக்ஸ்டன் விம்பிள்டன் சாம்பியனா?

ப: இரட்டையரில். 1956-ல் அமெரிக்க வீராங்கனை ஆல்தியா கிப்சனோடு வென்றார். அதே வருடம் ஒற்றையர் இறுதியில் ஷெர்லி ஃப்ரையிடம் 6-3, 6-1 எனத் தோற்றார். யாரையாவது 'சாம்பியன்' என்றால், ஒற்றையரா இரட்டையரா என்று பார்த்துவிட்டு நம்புங்கள்.

கே: கிப்சனோடு எப்படிச் சேர்ந்தார்?

ப: முதலில் சந்தித்தது டெல்லியில், 1955 கடைசியில். அமெரிக்க அரசு கிப்சனை நல்லெண்ணப் பயணமாக ஆசியாவுக்கு அனுப்பியிருந்தது. கிப்சன் கறுப்பினத்தவர், இவர் யூதர். இருவருக்குமே ஜோடி அமையவில்லை. சேர்ந்து ஆடச் சொன்னவர் பக்ஸ்டனின் பயிற்சியாளர் ஜிம்மி ஜோன்ஸ். 1956 பாரிஸ் (பிரெஞ்சு சாம்பியன்ஷிப்) இரட்டையர் பட்டமும் இவர்களுக்குத்தான். அங்கே ஒற்றையர் அரையிறுதியில் இருவரும் எதிரெதிரே நின்றார்கள். ஆட்டத்தின் நடுவில் கிப்சனின் உள்ளாடைப் பட்டை அறுந்துவிட்டது. பக்ஸ்டன் ஓடிப்போய், கூட்டத்தின் கண்ணில் படாமல் அவரை மறைத்துக்கொண்டார். ஆட்டத்தில் ஜெயித்தது கிப்சன், பட்டமும் அவருக்கே.

கே: பரிசுப் பணம் எவ்வளவு?

ப: சல்லிக்காசு இல்லை. 1968-ல்தான் விம்பிள்டன், பணம் வாங்கி ஆடும் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குக் கதவைத் திறந்தது.

கே: விம்பிள்டனை நடத்தும் ஆல் இங்கிலாந்து கிளப் கடைசிவரை இவரை உறுப்பினராக்கவில்லை. ஒற்றையர் வென்றவர்களுக்குத்தானே அது தானாகக் கிடைக்கும்? யூதர் என்பதால் சேர்க்கவில்லை என்று மதத்தை ஏன் இழுக்கிறீர்கள்?

ப: விதி சரி. ஆனால் இவர் தானாகக் கிடைக்கும் என்று உட்கார்ந்திருக்கவில்லை, விண்ணப்பித்தார். 2020-ல் இறக்கும்வரை கிடைக்கவில்லை.

கே: அது மட்டும் ஆதாரமாகுமா?

ப: எந்த கிளப்பும் காரணத்தை எழுதிக் கொடுக்காது. சரி, லண்டன் கம்பர்லாந்து டென்னிஸ் கிளப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இளம்பெண்ணாக அங்கே பயிற்சி எடுத்தார். விண்ணப்பம் என்னாயிற்று என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நீ யூதப் பெண், சேர்க்கமாட்டார்கள் என்று அந்த கிளப்பின் பயிற்சியாளரே முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். இதைப் பக்ஸ்டனே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இதற்கு மேல் உங்களோடு மல்லுக்கட்ட நேரமில்லை.

கே: விம்பிள்டனில் ஜெயித்து எவ்வளவு சம்பாதித்தார்?

ப: மேலே படியுங்கள்.

கே: ஏன் 22 வயதிலேயே நிறுத்தினார்?

ப: மணிக்கட்டுக் காயம். 1956 கோடையில் வந்தது, மறுவருடம் விலகினார்.

கே: 1958 பாரிஸில் வென்ற யூதப் பெண் இவர்தானா?

ப: இல்லை, அவர் ஹங்கேரியின் சூசி கோர்மோசி. அது ஒற்றையர். பார்த்தீர்களா!

கே: என் மகளுக்கு எந்த ராக்கெட் வாங்கலாம்?

ப: அவளுடைய கோச்சைக் கேளுங்கள்.

கே: கிப்சன் வறுமையில் வாடினாராமே?

ப: ஆமாம். 1957, 58 இரண்டு வருடமும் விம்பிள்டன் ஒற்றையர் வென்றவர், 1995-ல் மருந்துக்கும் வாடகைக்கும் வழியில்லாமல், உயிரை விட்டுவிடப் போகிறேன் என்று பக்ஸ்டனுக்குப் போன் செய்தார். பக்ஸ்டன் கைப்பணத்தைக் கொடுத்தார். அப்புறம் ஒரு டென்னிஸ் பத்திரிகை வழியாக நிலைமையைச் சொல்லி உதவி கேட்டார். பல நாடுகளிலிருந்து பணம் வந்தது.