ஓபியாய்டு மரணங்களைத் தடுக்க அமெரிக்க ஊர்கள் எந்த அளவுக்குத் தயாராக உள்ளன?

ஒஹையோ மாநிலத்தில் மருந்துக்கடை ஒன்றில் பார்மசிஸ்டாகப் பணிபுரிபவன் என்ற முறையில் என் கணிப்பைச் சொல்கிறேன். ஹெராயின் போன்ற ஓபியாய்டுகளின் அளவுக்கு மீறிய போதையில் மூச்சு நின்று கிடப்பவரை எழுப்புவதற்கான ஆயத்தம் கடந்த பத்தாண்டுகளில் வெகுவாக வளர்ந்திருக்கிறது. எழுந்தவரை அடுத்த வாரமும் உயிரோடு வைத்திருப்பதற்கான ஆயத்தமோ ஊருக்கு ஊர் மாறுகிறது. பல ஊர்களில் அது பெயரளவில்தான் இருக்கிறது.

முதலாவதற்குக் காரணம் நலாக்ஸோன் என்ற, ஓபியாய்டின் விளைவை முறிக்கும் மருந்து. 2023 மார்ச்சில் அதன் நார்கான் என்ற மூக்கு ஸ்பிரேயை மருத்துவர் சீட்டின்றி விற்க அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதித்தது. அப்படி விற்பனைக்கு வந்தபோது இரண்டு ஸ்பிரே கொண்ட பெட்டி சுமார் 45 டாலர்; பல ஊர்களில் சுகாதாரத் துறையும் நூலகங்களும் இலவசமாகவே தருகின்றன. உதடு நீலம் பாய்ந்து, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி, தொண்டையில் குறட்டை போன்ற சத்தத்துடன் கிடப்பவரின் நெஞ்செலும்பை விரல் முட்டியால் அழுத்தித் தேய்த்தும் அசைவில்லையென்றால், அவசர உதவி எண்ணான 911-ஐ அழைத்துவிட்டு ஒரு நாசியில் ஸ்பிரே அடிக்க வேண்டும். இரண்டு மூன்று நிமிடங்களில் மூச்சு சீராகவில்லையென்றால் மறு நாசியில் இரண்டாவதை அடிக்க வேண்டும். இதைக் கற்றுக்கொள்ள கால் மணி நேரம் போதும். நான் கேட்காமலேயே "எனக்கு இல்லை, தெரிந்தவர் ஒருவருக்கு" என்று சொல்லி வாங்குபவர்கள்தான் இன்னமும் அதிகம்.

ஆனால் நலாக்ஸோனின் வேலை 30 முதல் 90 நிமிடங்களில் தீர்ந்துவிடும். அடிமைத்தனம் அப்படியே இருக்கும். மேற்கு வர்ஜீனியாவின் ஹண்டிங்டன் நகரில் 2016 ஆகஸ்ட் 15 அன்று சுமார் நான்கு மணி நேரத்துக்குள் 26 பேர் அளவு மீறிய போதையில் விழுந்தார்கள். ஆம்புலன்ஸ் ஊழியர்கள் பெரும்பாலானோரைக் காப்பாற்றினார்கள். ஆயினும் அந்நாட்களில் மருத்துவமனைக்கு வந்து பிழைத்தவர்களில் ஒருவரும் மறுவாழ்வுச் சிகிச்சைக்கு அனுப்பிவைக்கப்படவில்லை என்பதை அமெரிக்க நோய்த் தடுப்பு அமைப்பான சி.டி.சி. பின்னர் பதிவு செய்தது. அடுத்த ஆண்டு அந்நகரம் ஒரு குழுவை அமைத்தது. மருத்துவ உதவியாளர், மறுவாழ்வு ஆலோசகர், காவலர் ஆகியோர் சேர்ந்து, பிழைத்தவரின் வீட்டுக் கதவை 72 மணி நேரத்துக்குள் தட்டினார்கள். ஆயத்தம் என்று நான் கருதுவது இதைத்தான்.

பணமும் திட்டமும் கொடுத்தால் எல்லா ஊரும் இப்படி ஆகிவிடுமா என்பதைச் சோதித்ததுபோல் அமைந்தது 'ஹீலிங் கம்யூனிட்டீஸ்' ஆய்வு. ஒஹையோ, கென்டக்கி, நியூயார்க், மாசசூசெட்ஸ் மாநிலங்களின் 67 சமூகங்களில் நடந்த அந்த ஆய்வின் முடிவு 2024-இல் வெளிவந்தது: திட்டம் செயல்பட்ட ஊர்களுக்கும் மற்றவற்றுக்கும் இடையே மரண விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கொரோனாவும், மிக வீரியமான செயற்கை ஓபியாய்டான ஃபெண்டனிலும் குறுக்கிட்டன என்பது உண்மை. ஆனால் ஒப்பீட்டுக் காலம் தொடங்கியபோது, ஊர்கள் தேர்ந்தெடுத்த நடவடிக்கைகளில் 38 விழுக்காடுதான் நடைமுறைக்கு வந்திருந்தன என்பதே என்னை உறுத்துகிறது. ஆள் எடுப்பதிலும், சிறையோடும் மருத்துவமனையோடும் ஒப்பந்தம் போடுவதிலும், அடிமைத்தனத்துக்கான சிகிச்சை மருந்தான புப்ரெனோர்ஃபின் எழுதித்தர மருத்துவர்களை இணங்கவைப்பதிலும் மாதங்கள் கரைந்துவிடுகின்றன.

எல்லாப் போதைப்பொருள்களாலும் நேர்ந்த இறப்புகள் 2023-இல் சுமார் 1,05,000 ஆக இருந்து, 2024-இல் 80,000 அளவுக்குக் குறைந்தது பெரிய ஆறுதல்தான். ஆனால் அந்தப் பெருமை முழுவதையும் ஸ்பிரேக்கே கொடுத்துவிட முடியாது. தனியறையில் கதவைத் தாழிட்டுப் பயன்படுத்துபவருக்கு ஸ்பிரே அடிக்க ஆளில்லை. ஃபெண்டனிலோடு இப்போது கலக்கப்படும் சைலசீன், மெடிடோமிடீன் போன்ற மயக்க மருந்துகளை நலாக்ஸோன் முறிப்பதுமில்லை.

பணமில்லை என்று இனி எந்தக் கவுண்டியும் (மாவட்ட நிர்வாகமும்) சொல்லிவிட முடியாது. ஓபியாய்டு வழக்குகளைத் தீர்த்துக்கொள்ள மருந்து விநியோக நிறுவனங்கள் மூன்றும் ஜான்சன் அண்ட் ஜான்சனும் 2,600 கோடி டாலர் வரை தர ஒப்புக்கொண்ட தேசிய உடன்படிக்கையில், குறைந்தது 85 விழுக்காடு இந்த நெருக்கடியைத் தணிப்பதற்கே செலவாக வேண்டும் என்பது நிபந்தனை. அதில் காவல்துறை வாகனமும் கருவிகளும் வாங்கிய ஊர்கள் உண்டு. வீடு தேடிச் செல்லும் குழுவுக்குச் சம்பளம் கொடுத்த ஊர்களும் உண்டு. உங்கள் கவுண்டி இவற்றில் எந்த வகை என்பதை அதன் செலவுக் கணக்கைக் கேட்டு வாங்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்.