கேள்வி பதில்: பெரிய ஸ்பீக்கரும் கீழ் வீட்டுத் தூக்கமும்

கேள்வி: அடுக்குமாடியில் இரண்டாவது தளம். 14 அடிக்கு 11 அடி அறை. எட்டு அங்குல வூஃபர் (பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி தரும் பகுதி) இரண்டிரண்டு உள்ள டவர் ஸ்பீக்கர் ஒரு ஜோடி. கீழ் வீட்டுக்காரர் ‘கும் கும்மென்று இடிக்கிறது’ என்கிறார். சுவரெங்கும் இரண்டு அங்குல ஃபோம் ஒட்டியும் பயனில்லை. ஃபோன் ஆப்பில் எங்கள் அறையிலேயே 65 டெசிபெல்தான் காட்டுகிறது. கீழே எப்படி இவ்வளவு கேட்கும்?
- வாசகர், வேளச்சேரி

பதில்: அவர் சொல்வதை நம்புங்கள். ஆப்கள் பெரும்பாலும் ‘ஏ’ அளவையில் காட்டும். அது பேஸைக் கழித்துக் கணக்கிடும் அளவை: 63 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 63 அதிர்வு; எண் குறையக் குறைய ஒலி தாழும்) 26 டெசிபெல்லும், 31.5 ஹெர்ட்ஸில் 39 டெசிபெல்லும் போய்விடும். 40 ஹெர்ட்ஸில் அறை 85 டெசிபெல்லுக்கு அதிர்ந்தாலும் ஆப்பில் 50தான் வரும். கீழே போவதோ அந்த 40 ஹெர்ட்ஸ்தான்.

ஃபோம் ஏன் உதவவில்லை? ஒலியைத் தடுப்பது எடை. பூச்சோடு சேர்த்து நாலரை அங்குலச் செங்கல் சுவர் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 250 கிலோ இருக்கும். இரண்டு அங்குல ஃபோம் ஒன்றரைக் கிலோகூடத் தேறாது. அது அறைக்குள்ளே எதிரொலியைக் குடிக்கும், அதுவும் மேல் சுருதிகளில் மட்டும். 50 ஹெர்ட்ஸ் அலையின் கால் பாகமே 1.7 மீட்டர், இரண்டு அங்குலம் அதற்கு எம்மாத்திரம்? இதில் இன்னொரு கெடுதலும் உண்டு. ட்ரெபிள் (உயர்ந்த ஒலி) மங்கிப்போவதால் கை தானாக வால்யூமை ஏற்றும், பேஸும் கூடவே ஏறும். பாதி ஃபோமைக் கழற்றிவிடுங்கள். முட்டை அட்டை யோசனை இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள்.

செலவில்லாத வேலையை முதலில் செய்யுங்கள். உங்கள் அறையின் 14 அடி நீளத்துக்கு 40 ஹெர்ட்ஸ், 11 அடி அகலத்துக்கு 52 ஹெர்ட்ஸ் அளவில் ஒத்ததிர்வு வரும், அதாவது அந்தச் சுருதியில் அறையே சேர்ந்து அதிரும். மூலையில் வைத்த ஸ்பீக்கர் இவற்றை முழு பலத்தோடு தட்டி எழுப்பும். உங்களுக்கு ஒரே நோட்டு மட்டும் பொம்மென்று வீங்கிக் கேட்கிறதல்லவா, கீழ் வீட்டில் இடிப்பதும் அதே நோட்டுதான். பெட்டிகளை மூலையிலிருந்து மூன்றடி வெளியே இழுங்கள். பின்பக்கத் துளையில் ஒரு ஜோடி காலுறையைச் சுருட்டி அடைத்தால், அந்தத் துளை ஒலிக்கும் பகுதியில் பேஸ் சில டெசிபெல் குறையும்.

அடுத்தது ஈக்வலைசர், அதாவது சுருதிவாரியாக ஒலியை ஏற்றி இறக்கும் கருவி. அளவெடுக்கும் மைக் ஒன்றும் ‘ரூம் ஈக்யூ விசார்ட்’ என்ற இலவச மென்பொருளும் போதும். வீங்கிய இடத்தைக் கண்டுபிடித்து, பாராமெட்ரிக் ஈக்வலைசரில் (வெட்டும் இடத்தையும் அகலத்தையும் நாமே குறிக்கலாம்) ‘க்யூ’வை, அதாவது வெட்டு எவ்வளவு குறுகலானது என்ற எண்ணை, 4 அல்லது 5 வைத்து, 6 முதல் 8 டெசிபெல் வெட்டுங்கள். அந்தச் சுருதியில் கீழே போவதும் அதே அளவு குறையும். லட்ச ரூபாய்ச் சுவர் வேலைகூட 40 ஹெர்ட்ஸில் இவ்வளவு குறைப்பது கடினம். அதனால்தான் சுவரைத் தொடும் முன் இதைச் செய்யச் சொல்கிறோம்.

கூர்முனை ஸ்பைக் அதிர்வைத் தடுக்காது. பெட்டியைத் தரையோடு இறுக்கமாக இணைக்கத்தான் செய்யும். வேண்டியது ஸ்பிரிங் கால். பெட்டியை வைத்ததும் ஸ்பிரிங் 2.5 மில்லிமீட்டர் அமுங்கினால் அதன் சொந்த அதிர்வு 10 ஹெர்ட்ஸ். 40 ஹெர்ட்ஸில் தரைக்கு இறங்கும் விசை அப்போது பதினைந்தில் ஒரு பங்காகிவிடும். 30 கிலோ பெட்டிக்கு 100 கிலோ தாங்கும் கால்களை வாங்கினால் அவை போதிய அளவு அமுங்காது, பயனும் குறையும். எடை பார்த்து வாங்குங்கள். ஆனால் இது தரை வழியாக நேரே இறங்குவதை மட்டுமே நிறுத்தும். காற்று வழியாகத் தளத்தை அதிர வைப்பது அப்படியே இருக்கும்.

கேள்வி: இரவு பத்து மணிக்கு மேல் வால்யூமைக் குறைத்தால் பாட்டில் உயிரே இல்லை. சின்ன ஸ்பீக்கருக்கு மாறிவிடலாமா?
- வாசகி, கோயம்புத்தூர்

பதில்: மாற வேண்டாம். ஒலி குறையும்போது காதுக்கு முதலில் மங்குவது பேஸ். ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். சின்ன ஸ்பீக்கரில் இந்தக் குறை இன்னும் கூடும். மெதுவாகப் பாடும்போதும் சிரமமில்லாமல் பேஸ் தருவது பெரிய வூஃபர்தான். 90 டெசிபெல் சென்சிட்டிவிட்டி உள்ள (ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 90 டெசிபெல் தரும்) பெட்டிக்கு, இரண்டு மீட்டரில் 75 டெசிபெல் கேட்க எட்டில் ஒரு பங்கு வாட் போதும்.

சோபாவைப் பின்சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பேஸ் அழுத்தம் சுவரோரத்தில்தான் அதிகம், ஏற்றாமலே கிடைக்கும். பிறகு ஸ்பீக்கர்களை உங்களை நோக்கி, ஆறடி தூரத்துக்கு முன்னால் இழுங்கள். மேடைத் தோற்றம் (பாடகரும் கருவிகளும் கண்ணெதிரே பரந்து நிற்பது போன்ற உணர்வு) கொஞ்சம் சுருங்கும், இரவுக்கு அது பரவாயில்லை. பேஸைத் தூக்கித் தரும் லவுட்னஸ் பொத்தானை வால்யூம் குறைவாக இருக்கும்போது மட்டும் போடுங்கள். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபெல் வரம்பு. ஆனால் அதுவும் ‘ஏ’ அளவைதான். மீட்டர் சரி என்று சொல்லும்போதும் பக்கத்துக் குழந்தை விழித்துக்கொள்ளலாம். எனவே இரவில் 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டர் போட்டுவிடுங்கள்.

கேள்வி: சொந்த வீட்டில் இசை அறைக்கும் படுக்கையறைக்கும் நடுவே நாலரை அங்குலச் சுவர். ஒலியைத் தடுக்க இரண்டு அங்குல ஃபிரேம் அடித்து ஜிப்சம் போர்டு போடலாம் என்கிறார் ஆசாரி. போதுமா?
- வாசகர், திருச்சி

பதில்: இரண்டு அங்குலம் போதாது. சுவர், நடுவில் காற்று, மேலே போர்டு மூன்றும் சேர்ந்து ஒரு ஸ்பிரிங் போல ஆடும். சதுர மீட்டருக்கு 20 கிலோ வரும் இரட்டைப் போர்டுக்கு, இரண்டு அங்குல இடைவெளியில் அந்த ஆட்டம் 62 ஹெர்ட்ஸில் விழும். சரியாக பேஸ் கிட்டாரின் தாழ்ந்த நோட்டுகளின் நடுவில்! அங்கே வெறும் சுவரைவிட அதிகமாகவே ஒலி கசியும். நான்கு அங்குலம் விட்டால் 44 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். நல்ல பலன் தெரிவது 65 ஹெர்ட்ஸுக்கு மேல்தான்.

ஃபிரேம் பழைய சுவரைத் தொடக் கூடாது. தரையிலும் கூரையிலும் ரப்பர் பட்டை மேல் நிற்கட்டும். ஒரு திருகு சுவரோடு சேர்ந்தாலும் அது பாலமாகிவிடும். 12.5 மில்லிமீட்டர் போர்டு இரண்டு அடுக்கு, இணைப்புகள் ஒன்றின்மேல் ஒன்று வராமல். இடைவெளியில் கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்திக் கண்ணாடிக் கம்பளி, திணிக்காமல். ஓரங்களில் இறுகிப்போகாத சீலன்ட்.

இவ்வளவு செய்துவிட்டுக் கதவை மறந்துவிடாதீர்கள். 7 அடிக்கு 3 அடிக் கதவின் அடியில் அரை அங்குலச் சந்து இருந்தால், கதவு எத்தனை கனமானாலும் 22 டெசிபெல்லுக்கு மேல் தடுக்காது. சாத்தும்போது தானாக இறங்கும் அடிச் சீலும், சுற்றிலும் ரப்பர் கேஸ்கெட்டும் போடுங்கள். ஏசி குழாய் போகும் துளையைச் சும்மா ஃபோம் அடித்து மூடாமல் கனமான புட்டியால் அடையுங்கள்.